ஒரு சட்டி மஞ்சளும் காகிதத் தொட்டியும்

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு அப்புறம்தான் வரும்; முதலில் கைதான் முந்தும். கரண்டியோ விளக்குமாறோ, அந்த நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அது பறக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருக்கும்போது என் வீட்டுக்காரர் என்னோடு எந்த வாக்குவாதமும் வைத்துக்கொள்ள மாட்டார். "நீ எந்திரிச்சு வா, பெறகு பேசிக்கிருவோம்" என்பார். அந்தக் கோபத்தால் நான் கெடுத்த காரியங்களைச் சொல்லப் புகுந்தால் பொழுது போதாது. கெடுக்கப் போய் அது வேறு மாதிரி முடிந்தது ஒரே ஒரு தடவைதான். என் அக்காவின் காகிதத் தொட்டி விஷயத்தில்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். குழந்தை இல்லை. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. அவள் வந்து திறந்துகொண்டாள். யார் என்ன சொன்னாலும் "சரி" என்பாள். அந்தச் "சரி"யைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொறுமைசாலி ஒருநாள் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறி, மதுரைப் பக்கம் ஓர் ஆசிரமத்துக்குப் போய்விட்டாள். அங்கே பெண்களுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறாள். எட்டு மாதம் கழித்து ஒரு மரச்சட்டம், அதற்கு அளவாகக் கோரையில் பின்னிய மெல்லிய தட்டி, நான்கு கம்பளித் துண்டு, இவற்றோடு வந்து இறங்கினாள். கையால் காகிதம் செய்யக் கற்றுக்கொண்டாளாம். "நூல் நூற்கக் கூடாதாக்கா, தறி நெய்யக் கூடாதா, இது என்ன தொழில்?" என்று கேட்டேன்.

"நூல் நூக்கத்தான் ஊரெல்லாம் ஆளிருக்கே. காயிதத்துக்குத்தான் ஆளில்ல" என்றாள்.

அது உண்மைதான். யுத்த காலம். கடையில் ஒரு தாள் காகிதம் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். வந்த கடிதாசியின் முதுகிலேயே பதில் எழுதி அனுப்பினார்கள். பருப்பும் வெல்லமும் தேக்கிலையில் கட்டி வந்தன. என் வீட்டுக்காரர் புதுக்கோட்டை டவுனில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர். கோத்துவைத்த எழுத்து அப்படியே கிடக்கிறது, அச்சடிக்கக் காகிதம் இல்லை என்று பாதி நாள் வீட்டுக்கு வந்து திண்ணையில் படுத்துத் தூங்குவார். ஆகவே அக்கா சொன்னதில் விஷயம் இருந்தது. ஆனால் காகிதம் செய்வது என்றால் ஏதோ அப்பளம் போடுகிற மாதிரி இருக்கும் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

முதலில் ரயில் கத்தாழையை வெட்ட வேண்டும். வேலி ஓரமெல்லாம் முள் முளைத்து நிற்குமே, அதுதான். அதை நசுக்கி ஊறப்போட்டு நார் எடுக்க வேண்டும். தையற்கடைகளில் விழும் வெள்ளைத் துணி வெட்டுகளை வாங்கிப் பொடியாக நறுக்க வேண்டும். இரண்டையும் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, உரலில் போட்டு இடிக்க வேண்டும். நெல் இடித்தால் அரிசியாவது கண்ணில் படும். இது இடிக்க இடிக்க இன்னும் இடி என்னும். கடைசியில் கூழாகும்போது நம் தோள்பட்டையும் கூழாகியிருக்கும். பிறகு அந்தக் கூழைச் சுண்ணாம்பு போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். ஏழு தண்ணீர் என்பது அக்காவின் கணக்கு.

அப்பா காலத்தில் மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டி ஒன்று கொல்லையில் கிடந்தது. அதுதான் காகிதத் தொட்டி. அதில் நிறையத் தண்ணீர் விட்டுக் கூழைக் கரைத்து, சட்டத்தை உள்ளே சாய்த்து அமிழ்த்தி, படுக்கை வசமாகத் தூக்கி ஒரு அசைப்பு அசைப்பாள். தண்ணீர் ஒழுகிவிடும், தட்டியின்மேல் பால் ஆடை மாதிரி ஒன்று நிற்கும். அதைக் கம்பளித் துண்டின்மேல் கவிழ்த்து, அடுக்கி, மேலே அம்மியைத் தூக்கிவைத்துப் பிழிந்து, தாளாகச் சுவரில் ஒட்டிக் காயவிடுவாள். காய்ந்ததற்குக் கஞ்சி போட்டு, சங்கால் தேய்த்து மழமழப்பாக்கினால்தான் மசி ஊறாமல் எழுத வரும். நான் அசைத்தால் ஒரு பக்கம் தோசையாகவும் ஒரு பக்கம் ஓட்டையாகவும் வரும். நாலு தடவை பார்த்துவிட்டு, "நீ இடிக்கிறதோட இரு" என்று சொல்லிவிட்டாள்.

இப்படியாக ஒரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பழகினாள். அந்த ஐப்பசியில் அவளுடைய கொழுந்தனார் வந்தார். திருமயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நிலபுலத்தோடு இருந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் பெண்டாட்டிக்கு அப்போதுதான் நாலாவது பிரசவம் ஆகியிருந்தது. அக்காவின் மாமியார் படுத்த படுக்கை. வீட்டில் கைக்கு ஆள் வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் கௌரவத்தைச் சொன்னார்.

"எங்க வீட்டு மருமக இங்கிட்டு ஒக்காந்து கந்தத் துணிய இடிக்கிறாங்கன்னு நாலு பேரு கேக்குறாங்க மதினி. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. நீங்க வந்து நம்ம வீட்டுல இருங்க. ஒரு கொறையும் வராது."

அக்கா "சரி" என்று சொல்லிவிடப் போகிறாளே என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தை வரைக்கும் பாக்குறேன் தம்பி. அதுக்குள்ள எங் காயிதத்தக் கேட்டு யாரும் வரலேன்னா, நானே வந்துர்றேன்."

"அப்படி யாராச்சும் கேட்டு வந்துட்டா நான் வாயத் தெறக்கல. இல்லேன்னா தை மூணாம் நாளு வண்டி கட்டிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் போனபிறகு அக்கா கூழை அலச உட்கார்ந்தாள். அலசிக்கொண்டே, "அங்க போனா நான் செத்துருவேன்டி" என்றாள். அழவில்லை. உப்பு குறைகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதன்பிறகு நான் சும்மா இருப்பேனா? டவுனில் சமையலை முடித்துவிட்டு அச்சாபீஸ் அச்சாபீசாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சொல்லிவைத்தேன். ஆவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், அரைப்பரீட்சைக்குப் பிள்ளைகள் எழுத வெள்ளைக் காகிதம் வேண்டும் என்றார். ஒரே தொட்டியில் வருகிற கூழ் அத்தனையும் வேண்டியிருக்கும். கார்த்திகை முடிவதற்குள் தர வேண்டும். அக்காவிடம் ஓடிவந்து சொன்னபோது, அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கத்தாழை வெட்டக் கிளம்பிவிட்டாள்.

நாள் போதாது. இடிப்பதற்கு எதிர்வீட்டுச் சின்னாத்தாவைக் கூப்பிட்டோம். சின்னாத்தா என்றால் உறவு ஒன்றுமில்லை, ஊரில் எல்லோருக்கும் அவள் சின்னாத்தா. உலக்கை பிடித்தால் இரண்டு ஆள் வேலை செய்வாள். வாய் மட்டும் நாலு ஆள் வேலை செய்யும். நான் டவுன் சமையலை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு வந்து தங்கினேன். மூன்று பேரும் மாறி மாறி இடித்தோம். அலசும் வேலை என்னுடையது. கிணற்றில் இறைத்து இறைத்துக் கை இற்றுப்போய், ஐந்து தண்ணீரோடு "போதும், வெள்ளை வெளேர்னு இருக்கு" என்று நானே தீர்மானித்துவிட்டேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

கூழைத் தொட்டியில் விடும் நாள் வந்தது. அக்கா குளித்துவிட்டு, வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சட்டத்தோடு தொட்டிக்கு வந்தாள். சின்னாத்தா உலக்கையைச் சாத்திவிட்டு வந்து வெகு பரிவாகச் சொன்னாள்: "தாயி, நீ சித்த தள்ளி நில்லு. மொத மொத ஒரு பெரிய வேல எறங்குது. ஒரு சுமங்கலி தொட்டுக் கொடுக்கட்டும். ஏத்தா டவுனுக்காரி, நீ உள்ள போயி ஒரு துளி மஞ்சக் கொண்டாந்து தொட்டியில போட்டுக் கும்பிட்டுக்க. பெறகு அவ வேலயப் பாக்கட்டும்."

அவள் மனதில் ஒரு கெடுதலும் கிடையாது. ஊர் வழக்கம் அது. உழவு பூட்டினாலும் உலை வைத்தாலும் அப்படித்தான். ஆனால் அக்கா, "சரி" என்று சொல்லி, தன் தொட்டியை விட்டு, தன் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகை ஓரம் போய் நின்றாள் பாருங்கள். கத்தாழை வெட்டியது அவள். முள் குத்தி விரலெல்லாம் வீங்கியது அவளுக்கு. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே போனேன். வருஷத்துக்கென்று இடித்துவைத்த மஞ்சள் தூள் ஒரு சட்டி நிறைய அடுப்படிப் பரணில் இருந்தது. துளியாவது ஒன்றாவது. சட்டியோடு தூக்கி வந்தேன். "சுமங்கலி மஞ்சத்தானே வேணும்? இந்தா, வேணுங்கிற மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லி, அப்படியே தொட்டியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் கலக்கிவிட்டேன்.

தொட்டி சிவந்தது. மஞ்சளாகக்கூட ஆகவில்லை, நேரே சிவப்பு. என் கை போகிற வழியெல்லாம் சிவப்பு ஓடி, ஒரு நிமிஷத்தில் தொட்டி முழுக்க ஆலம். எத்தனை கல்யாணத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து, ஆரத்தி சுற்ற ஆலம் கரைத்திருக்கிறேன் நான். ஆலத்தட்டு என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூழில் சுண்ணாம்பு பாக்கி இருக்கிறது, ஏழு தண்ணீரில் இரண்டை நான் திருடியிருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. முழங்கை வரை சிவப்பாக நின்றேன்.

சின்னாத்தாதான் முதலில் வாய் திறந்தாள். "ஆத்தாடி, மாப்பிள்ள பொண்ணு எங்க நிக்கிறாக, சுத்திப் போட?" என்றாள். அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நான் உலக்கையைத் தேடினேன். நல்லவேளை, தூரத்தில் இருந்தது.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு மாத வேலை அந்தத் தொட்டியில் இருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எத்தன தண்ணி அலசின?" என்று மட்டும் கேட்டாள். "அஞ்சு" என்றேன். "ம்" என்றாள். அந்த "ம்"முக்குப் பதிலாக அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து யோசித்தாள். ஆலத்தில் எலுமிச்சம்பழச் சாறு விழுந்தால் சிவப்பு போய் மறுபடியும் மஞ்சளாகிவிடும் என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஒரு தொட்டிக்கு எலுமிச்சம்பழத்துக்கு எங்கே போவது? "புளிச்ச நீராகாரம் கெடைக்குமா பாரு" என்றாள். நானும் சின்னாத்தாவும் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். வீடு வீடாகப் போய், பழைய சோற்றுப் பானையில் தெளிந்த தண்ணீரைக் கேட்டு வாங்கினோம். "காயிதத்துக்குப் பசியா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். அன்று பாதித் தெரு உப்பும் வெங்காயமும் இருந்தும் நீராகாரம் இல்லாமல் வெறுஞ்சோறு தின்றது.

குடம் குடமாக ஊற்ற ஊற்றச் சிவப்பு அடங்கியது. ஆனால் வெள்ளை வரவில்லை. தொட்டி நல்ல மஞ்சளாக நின்றது. எத்தனை அலசினாலும் அந்த மஞ்சள் நாரை விடவில்லை. அக்கா பெருமூச்சுவிட்டு, சட்டத்தை எடுத்து, தாள் எடுக்க ஆரம்பித்தாள். முதல் நாள் வழக்கம்போல வெயில் சுவரில் ஒட்டினோம். பொழுது சாய்வதற்குள் வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துத் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் மாட்டுக் கொட்டகை நிழலில்தான் காயவைத்தோம். நீராகாரத்தின் கஞ்சிப்பசை ஏற்கெனவே உள்ளே ஊறியிருந்ததாலோ என்னவோ, சங்கால் தேய்த்ததும் பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்பு வந்தது. அழகாகத்தான் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆவூருக்கு நான்தான் போனேன். வாத்தியார் ஒரு தாளை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "காயிதம் நல்லா இருக்கும்மா. ஆனா பரீட்சைக்கு மஞ்சக் காயிதம் கொடுத்தா, பிள்ளைக எல்லாம் கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஒக்காந்துருக்குங்க. அடுத்த வருஷம் வெள்ளையா கொண்டாங்க, பாப்போம்" என்றார். அடுத்த வருஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தைக்கு ஒரு மாதமும் சில நாளும்தான் இருந்தன.

டவுனுக்குத் திரும்பி, முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் ஒரு தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "வாத்தியார் சொன்னதத் திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். "பின்ன என்ன, கல்யாணத்துக்கே கொடுத்துட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளோடு அச்சாபீசுக்குக் கிளம்பினார். ஏற்கெனவே கோத்துக் கிடந்த ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையைச் சிவப்பு மசியில் அதில் அடித்துக் கொண்டுவந்தார். மஞ்சளில் சிவப்பு எழுத்து பளிச்சென்று விழுந்திருந்தது. திருமயத்துப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் மாசியில் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகைக்குக் காகிதம் கிடைக்காமல் அவர்கள் மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார்.

மறுநாள் காலையே அக்காவையும் இழுத்துக்கொண்டு திருமயம் பஸ் ஏறினேன். அவள் வர மாட்டேன் என்றாள். கல்யாண வீட்டுக்கு நான் எதுக்குடி என்றாள். காகிதத்தைப் பற்றி ஏதாவது கேட்டால் எனக்கு என்ன தெரியும் என்று சொல்லித்தான் அவளைக் கிளப்பினேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு கட்டி ஓட்டிய காலம் அது. ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் நாங்கள் இறங்கி நடந்தோம். பஸ் எங்களுக்குப் பின்னால் புகைந்துகொண்டு வந்தது. திருமயம் கோட்டை கண்ணில் பட்டபோது அக்கா, "திரும்பிப் போயிருவமா?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

வீடு ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. முகப்பில் கணக்குப்பிள்ளை வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பெண்ணின் தாயார், ஆச்சி, உள்ளேயிருந்து வந்து தூண் ஓரம் நின்றார். நான் விஷயத்தைச் சொல்லி, தாள்களை நீட்டினேன். அக்கா வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டாள்.

கணக்குப்பிள்ளை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவின விரலை அப்படியே கொண்டுவந்து தாளை வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் பட்ட இடங்களில் செக்கச்செவேலென்று தடம் விழுந்தது. தாளைக் கீழே போட்டுவிட்டார்.

"என்னங்க இது, ரத்தம் மாதிரி வருது? சுப காரியத்துக்கு இதக் கொண்டாந்தீங்களா?" என்றார். "யாரு பண்ணுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் பண்ணினதுங்க."

அக்கா படியேறி மேலே வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. யாரும் கேட்காமல் அவள் முன்னால் வந்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கணக்குப்பிள்ளை ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி அக்காவைப் பார்த்தார். நான் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். பஸ் டிக்கெட்தான் இருந்தது.

"ரத்தமில்லீங்க" என்றாள் அக்கா. "காயிதத்துல மஞ்சளிருக்கு. உங்க விரல்ல சுண்ணாம்பு இருக்கு. ரெண்டும் சேந்தா ஆலமாகும். வேற ஒண்ணுமில்ல."

ஆச்சி குனிந்து அந்தத் தாளை எடுத்தார். வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பைச் சுண்டுவிரலில் கொஞ்சமாகத் தொட்டு, தாளின் ஒரு மூலையில் வைத்தார். சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அடுத்த மூலையிலும் வைத்தார். நான்கு மூலையும் ஆனபிறகு கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பத்திரிக்கை வந்தா நாலு மூலைக்கும் மஞ்சத் தடவ ஆள் தேடணும்" என்றார் கணக்குப்பிள்ளையிடம். "இதுல மஞ்ச முன்னாடியே இருக்கு. பொட்டுந்தான் தானா வருதே. பெறகு என்ன?"

கணக்குப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "அதுக்கில்லீங்க ஆச்சி. பண்ணுனவங்க..." என்று இழுத்தார்.

"கூறைச்சேலை எடுத்தமே, அத நெய்தவுக வீட்டுல யாரு இருக்கா, யாரு இல்லன்னு விசாரிச்சா எடுத்தோம்?" என்றார் ஆச்சி. குரலை உயர்த்தவே இல்லை. பிறகு அக்காவிடம், "எழுத்து அடிச்சு வந்ததும் இந்தப் பொட்டையும் நீங்களே வச்சு அனுப்பிருங்க. எங்களுக்குக் கல்யாண வேலயில கையொழியாது. தை மொத வாரத்துல வந்துரணும்" என்றார். அக்கா, "சிவப்பு நாளானா மங்கிக் காவியாயிருங்க" என்று உள்ளதைச் சொன்னாள். "மாசி வரைக்கும் தாங்கினாப் போதும்" என்றார் ஆச்சி. எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன்.

இருந்த தாள் போதவில்லை. மார்கழி முழுக்க மறுபடியும் கத்தாழை, மறுபடியும் இடி. இந்தத் தடவை ஏழு தண்ணீரையும் எண்ணி எண்ணி அலசினேன். மஞ்சளும் அளந்துதான் போட்டோம். அதைப் போடும் முறை வந்தபோது சின்னாத்தா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், சட்டியை வாங்கி, தானே போட்டுத் தானே கலக்கினாள். சின்னாத்தா உலக்கையை எடுத்துக்கொண்டு உரலுக்குப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அச்சடித்து பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். அக்கா ஒரு கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திரிகைக்கும் நான்கு மூலையிலும் சுண்டுவிரலால் பொட்டு வைத்தாள். நானும் வைக்கிறேன் என்றேன். "நீ வச்சா ஒண்ணு பெருசாவும் ஒண்ணு சின்னதாவும் வரும்" என்று சொல்லி, கடைசிவரை என்னைத் தொடவிடவில்லை.

தை மூன்றாம் நாள் கொழுந்தனார் சொன்னபடி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பொங்கலுக்குப் பூசின கொம்போடு மாடுகள். மதினி உட்காருவதற்கென்று வண்டியில் புது வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார். கேட்டு வந்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவர்தான். ஆனாலும் ஆண்பிள்ளை விரித்த ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு போவாரா என்று பயமாக இருந்தது.

நான் ஒரு பத்திரிகையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வீட்டுப் பெயரைப் படித்துவிட்டு, "இவுக வீட்டுக்கா?" என்றார். அவர் கிராமத்து நெல் பாதி போகிற வீடு அது. இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். அவரும் வெற்றிலைக்காரர். கட்டைவிரல் பட்ட இடம் சிவந்துவிட்டது.

"கைநாட்டு விழுந்துருச்சு மச்சான். இனி மாத்திப் பேச முடியாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொல்லையிலிருந்து வந்த அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை மஞ்சள், விரல் நுனியெல்லாம் சிவப்பு. ஆறு வருஷமாக அந்தக் கை மஞ்சள் பூசியதில்லை. அண்ணன் செத்த பதினாறாம் நாள் அந்தக் கையைக் கழுவித் துடைத்தபோது அவரும் அங்கே நின்றவர்தான்.

"என்ன மதினி இது? கையெல்லாம் மஞ்சளா இருக்கு?" என்றார். குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "தொழில் தம்பி" என்றாள். "கழுவினாலும் போக மாட்டேங்குது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். "தம்பி, திருமயம் வழியாத்தானே போறீங்க? இத்தன கட்டையும் பஸ்ஸுல ஏத்த மாட்டேங்குறான். அந்த ஆச்சி வீட்டுல எறக்கிட்டுப் போயிருங்க. வண்டி சும்மாத்தானே போகுது."

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து, கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய், அந்த ஜமுக்காளத்தின்மேல் அடுக்கினார். குலுங்கிக் கீழே விழாமல் இருக்க வைக்கோலைச் சுற்றிலும் அணைகொடுத்து வைத்தார். அக்கா அங்கிட்டு நின்று, "அந்தக் கட்டு மேல வெயில் படாம மூடிக்கங்க தம்பி" என்று சொல்ல, அவர் தலைத்துண்டை அவிழ்த்து மூடினார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். தொட்டியில் சட்டத்தை அமிழ்த்துகிற சத்தம் கொல்லையிலிருந்து கேட்டது.